வட்டம் போட்ட பதினோரு பெயர்கள்

என் வேலை தோல் பார்ப்பது. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ தொழிற்சாலையில், வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரத்தில், இடுப்பு உயர மேசை ஒன்று எனக்கு உண்டு. சாயம் ஏறி மெருகு போட்டு வரும் தோலை அதில் விரித்து, முதுகு, வயிறு, கழுத்து என்று வரிசையாகக் கை வைத்துப் பார்ப்பேன். உண்ணிக்கடி, முள் கீறல், அம்மை வடு எங்கே இருக்கிறதோ அங்கே வெள்ளிப் பேனாவால் குறி போட்டு, தரம் எழுதி, வெட்டும் பிரிவுக்கு அனுப்புவேன். தோல் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்த நாளிலிருந்து, ஏழு வருடமாக, இதுதான்.

இந்த வேலையில் மூன்று பழக்கங்கள் உண்டு. பின்னால் வரப்போகும் விஷயத்துக்கு மூன்றும் தேவை என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, மேசைக்கு வரும் தோலின் மேல் லாட் எண் மட்டும்தான் இருக்கும். தோலைப் பதனிட்ட தோல்ஷாப் எது என்று எழுதியிருக்காது. யாருடைய சரக்கு என்று தெரிந்தால் பார்க்கிறவர் கண் மாறிவிடும் என்று எங்கள் மேலாளர் போட்ட விதி அது. இரண்டாவது, ஒரு தோலில் சந்தேகம் வந்தால் உடனே ஒதுக்கிவிட மாட்டோம். ஓரத்தில் சின்ன வட்டம் ஒன்று போட்டு மரக்குதிரைத் தாங்கியில் தொங்கவிடுவோம், மறுநாள் காலை வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்ப்பதற்காக. மூன்றாவது, ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு கார்டு உண்டு; அதில் பார்த்தவர் கையெழுத்து வேண்டும். காலையில் வந்ததும் முப்பது கார்டில் கையெழுத்தை முதலிலேயே போட்டு அடுக்கி வைத்துவிடுவேன். தோலைப் பார்த்ததும் தரத்தை மட்டும் எழுதினால் போதும், லைன் நிற்காது. எல்லா மேசையிலும் இப்படித்தான். கார்டு என் மேசையை விட்டு நான் பார்க்காமல் போகப் போவதில்லை என்பதால் அதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

நான் பழமைவாதி. அந்தச் சொல்லை இங்கே திட்டுவதற்குத்தான் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதில் கூச்சம் இல்லை. என் நம்பிக்கைகள் அரைத் தாளில் அடங்கும். கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை எழுதியும் வைத்தேன். கோயிலும் குடும்பமும் ஒழுங்காக இருந்தால் ஊர் ஒழுங்காக இருக்கும். வீட்டைக் காப்பாற்றுவது வீட்டாரின் வேலை; அரசின் வேலை சாலை, தண்ணீர், சட்டம். சும்மா கிடைக்கும் மிக்ஸியைவிட நேரத்துக்கு வரும் பஸ் மேல். சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கொடுத்த வார்த்தையும் போட்ட கையெழுத்தும் மாறக் கூடாது.

இந்த ஐந்தையும் மேடையில் பேசுகிற கட்சி ஒன்று இருந்தது. என் முதல் ஓட்டிலிருந்து அதற்குத்தான் போட்டேன்.

எங்கள் ஊர் விரிஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் இருக்கிறது. காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் வரும். எங்கள் நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் ஏழு பெண்கள். அதில் ஒருவர் சர்ச் தெருவில் இருக்கும் அக்கா. தையல் பிரிவில் ஷூவின் மேல்பாகம் தைப்பவர், நாற்பது தாண்டியவர், கணவர் இறந்து பத்து வருடம் ஆகிறது. இரண்டு பெண்களையும் நர்சிங் சேர்த்துவிட்டார். நாலு வருடமாக பஸ்ஸில் நானும் அவரும் ஒரே சீட். யார் முதலில் ஏறினாலும் அடுத்தவருக்குப் பையை வைத்து இடம் பிடிப்போம்.

அவர் எதிர்க்கட்சிக்காரர். அதை மறைக்கிற ஆளும் இல்லை. காலையில் பஸ் நகர்ந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"இன்னா, உங்க தலைவரு நேத்து டிவியில அந்தக் கத்து கத்துனாரே, தொண்டை நல்லா இருக்குதா?"

"உங்க தலைவரு வாயே தொறக்கலியேக்கா. அவர் தொண்டைக்கு இன்னா?"

"அவரு தொறந்தா இன்னும் பேஜாரு. அதான் நாங்களே மூடி வச்சிருக்கோம்."

முன்சீட்டுக்காரிகள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆம்பூர் வரும்வரை இது ஓடும். அவர் என்னை மாற்றப் பார்த்ததில்லை, நானும் அவரை மாற்றப் பார்த்ததில்லை. எதிர்க்கட்சி என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த சீட்டில் தெரிந்துகொண்டதுதான்.

அக்காவுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. அவர் இருக்கும் வீடு மாமனார் பேரில் இருக்கிறது. மாமனாரும் போய்விட்டார். வேலூரில் இருக்கும் கொழுந்தன் அந்த வீட்டை விற்க வேண்டும் என்று நிற்கிறார். "அவ அங்க இருக்கறதே இல்ல, பொண்ணுங்களோட எங்கியோ இருக்கறா, வீடு சும்மாதான் பூட்டிக் கிடக்குது" என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வருவதை அக்காவே என்னிடம் சொல்லியிருக்கிறார். "கரண்ட் பில்லு மாமனார் பேரு, வீட்டு வரி மாமனார் பேரு. அந்த வீட்டு நம்பரோட என் பேரு இருக்கறது ஓட்டர் லிஸ்ட்ல மட்டுந்தான்" என்று ஒருமுறை சொன்னார். அதை நான் கேட்டிருந்தேன். கேட்காதவள் என்றாவது சொல்லிக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும்.

எங்கள் கட்சியின் மேல் கசப்பு, பட்டியல் விவகாரத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. வேலூரில் ஒரு கூட்டம். தலைவர் வருகிறார் என்று லீவு போட்டுவிட்டுப் போனேன். வெயிலில் ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். வந்தவர் பதினாறு நிமிடம் பேசினார். எனக்குக் குறித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு, கைபேசியில் குறித்தேன். எதிர்க்கட்சித் தலைவரின் பெயர் இருபத்திரண்டு முறை. கோயில் ஒருமுறை, கைதட்டலுக்காக. பாலாறு இல்லை. தோல் இல்லை. குடிதண்ணீர் இல்லை. எந்த ஊரில் நின்று பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்ததற்கான அடையாளம், தொடக்கத்தில் சொன்ன வேலூர் என்ற ஒரு சொல் மட்டும்.

மேடையில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். போன தேர்தலில், கோயில் நிலத்தை விழுங்கியவர் என்று நானே வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தது அவரைப் பற்றித்தான். எங்கள் ஊர்க் கட்சிப் பொறுப்பாளரிடம் கேட்டேன். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணா, அவர்தானே அந்த நிலத்து ஆளு?"

"இப்ப நம்ம கூட்டணி தங்கச்சி."

"அப்ப அந்த நிலம்?"

"நிலம் எங்க போய்டப் போவுது, அங்கியேதான் இருக்கும்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. எதிரில் இருப்பவர்கள் இதைவிட மோசம் என்ற ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டினேன். இந்த ஒரு காரணத்தில்தான் எல்லாக் கட்சிகளும் உயிரோடு இருக்கின்றன என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்தது. ஒவ்வொரு பூத்துக்கும் கட்சி ஒரு முகவரைப் போட வேண்டும். பொறுப்பாளர் என் வீட்டுக்கு வந்தார். "லிஸ்ட் வேலைன்னா உன்னை விட்டா ஆளு யாரு? நீ தோலுலயே தப்பு கண்டுபுடிக்கற" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. மேடையில் என்ன நடந்தாலும் பட்டியல் என்பது பட்டியல்தான், அதில் கட்சி இல்லை என்று நம்பினேன். செத்தவர் பெயர் நீங்க வேண்டும், வந்தவர் பெயர் சேர வேண்டும். இதைவிட ஒழுங்கான வேலை ஏது?

இரண்டு சனிக்கிழமை, எட்டு தெரு. அட்டையில் பட்டியலை மாட்டிக்கொண்டு கதவு கதவாகப் போனேன். ஆள் இருந்தால் டிக். இறந்திருந்தால் கோடு. பூட்டியிருந்தால் வட்டம். எங்கள் பக்கம் பகலில் வீடு பூட்டியிருந்தால் ஊரை விட்டுப் போய்விட்டார்கள் என்று அர்த்தம் இல்லை, ஷிப்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? அம்மாவும் வேலைக்குப் போவதால் என் வீடே பகலில் பூட்டித்தான் கிடக்கும். எனக்கு சனிக்கிழமை லீவு. தையல் பிரிவுக்கு ஆர்டர் ஜாஸ்தி என்றால் சனிக்கிழமையும் உண்டு. அதனால் ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் 'ஷிப்ட். ஞாயிறு மறுபடி பார்க்க' என்று எழுதினேன். மொத்தம் இருபது வட்டம். எங்கள் தெருவில் ஒன்பது, சர்ச் தெருவில் பதினொன்று. அக்காவின் பெயரும் அதில் ஒன்று. அவர் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் டிக் போடக் கூடாது என்று வட்டமே போட்டேன். ஒழுங்காக வேலை செய்கிற பெருமை எனக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். போக முடியவில்லை. பட்டியலைப் பொறுப்பாளரிடம் கொடுத்து, வட்டங்களை மட்டும் யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். "நீ விடு, நான் பாத்துக்கறேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் நிறுத்தத்துக்கு வண்டியில் வந்தார். கையில் ஒரு கட்டுப் படிவம். "இன்னிக்கி கடைசி தங்கச்சி. பேர் சேர்க்கறது, அட்ரஸ் மாத்தறது, எல்லாம் கலந்து இருக்குது. நீ கையெழுத்து மட்டும் போட்டுக் குடு, உன் லிஸ்ட்ட பாத்து நான் எழுதிக்கறேன்."

தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. வண்டி சீட்டின் மேல் படிவக் கட்டை வைத்து, ஒவ்வொரு தாளாகக் கீழ் ஓரத்தை மட்டும் தூக்கித் தூக்கிக் கையெழுத்துப் போட்டேன். லாட் கார்டில் போடுகிற அதே வேகம், அதே கை. தாளின் தலைப்பில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்க்கவில்லை. இரண்டு கையும் தாள்களில் இருந்ததால் என் டிபன் பையை அக்காதான் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, அக்கா எனக்கு முன்பே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில் பை இருந்தது. நான் வந்து நின்றும் அவர் பையை எடுக்கவில்லை.

"இன்னாம்மா, என்னை ஊர விட்டே அனுப்பிட்டியா?"

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை நீட்டினார். பூத் அலுவலராக இருக்கும் அங்கன்வாடி டீச்சர் முந்தின நாள் மாலை கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அக்கா அந்த முகவரியில் வசிக்கவில்லை, நிரந்தரமாகக் குடிபெயர்ந்துவிட்டார், ஆகவே பெயரை நீக்க வேண்டும் என்று ஆட்சேபம் வந்திருக்கிறது. இன்ன தேதியில் தாலுகா ஆபீஸுக்கு விசாரணைக்கு வர வேண்டும். ஆட்சேபம் செய்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அப்பா பெயரோடு, கதவு எண்ணோடு.

"அக்கா, இது நான் எழுதல."

"கையெழுத்து உன்துன்னு டீச்சர் சொல்றாங்க."

"கையெழுத்து என்துதான். ஆனா நான்..."

"தெரியும். அன்னிக்கி உன் டிபன் பைய நான்தான புடிச்சினு நின்னேன்."

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "என் கொழுந்தனுக்கு இது கெடைச்சா போதும். கவர்மெண்டே சொல்லிடுச்சு, இவ இங்க இல்லன்னு காட்டிடுவான். அவன் நாலு வருசமா சொல்லி முடியாதத நீ ஒரே கையெழுத்துல முடிச்சிட்ட." அதற்கு மேல் ஆம்பூர் வரை அவர் ஜன்னலைத்தான் பார்த்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன்.

அன்று மாலை ஹார்டுவேர் கடைக்குப் போனேன். பொறுப்பாளர் யாருக்கோ பெயிண்ட் கலந்துகொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"அண்ணா, வட்டம்னா மறுபடி பாக்கணும்னு பக்கத்துலயே எழுதி இருந்தேன். படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அப்புறம்?"

"ஒவ்வொண்ணா போய்ப் பாத்துனு இருந்தா ஆவுமா? அதான் விசாரணை வைக்கறாங்க இல்ல. இருக்கறவங்க வந்து காட்டிட்டுப் போவட்டும்."

"எங்க தெருவுல ஒம்போது வட்டம் இருந்துது. அதுல ஒண்ணுகூட போவலியே."

"அது நம்ம தெரு தங்கச்சி."

அவர் அதை மறைத்துச் சொல்லவில்லை. பெயிண்ட் டப்பாவின் மூடியைத் தட்டி மூடிக்கொண்டே, கடை திறக்கும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். என் வட்டத்தை அவர் தப்பாகப் படிக்கவில்லை. சரியாகப் படித்து, தெருப் பெயரைப் பார்த்து, எடுத்திருக்கிறார். லாட் எண்ணை விட்டுவிட்டு யார் வீட்டுச் சரக்கு என்று பார்ப்பது இதுதான்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு நம்ம மேடையில பேசறோமேண்ணா."

"மேடை வேற, பூத் வேற. பக்கத்து பூத்துல அவங்க நம்ம ஆளுங்களுக்கு இதையே பண்ணல? போய்க் கேட்டுப் பாரு."

பிறகு கேட்டுப் பார்த்தேன். அது உண்மைதான். அங்கே எங்கள் ஆட்கள் ஆறு பேருக்கு அதே தாள் போயிருந்தது. எனக்கு அதில் ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை.

அன்று கடையிலேயே, வாபஸ் வாங்கப் போகிறேன் என்றேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் படிவத்துல கீழ இன்னா இருக்குது தெரியுமா? நான் சொல்றது உண்மை, பொய்யா இருந்தா தண்டனைன்னு இருக்குது. அதுக்குக் கீழதான் நீ கையெழுத்து போட்டிருக்க. வாபஸ்னா பொய்யின்னு நீயே எழுதிக் குடுக்கற மாதிரி. மாட்டறது நான் இல்ல, நீ. கல்யாணம் ஆவ வேண்டிய பொண்ணு, கேஸுன்னு அலையப் போறியா?" பிறகு அண்ணன் குரலில், "உன் நல்லதுக்குச் சொல்றேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரு தாள் எடுத்தேன். இரண்டு பக்கமாகப் பிரித்தேன். எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம், கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொரு பக்கம். முதல் பக்கத்தில் வழக்கு, கம்பெனிக்குத் தெரிவது, கட்சியில் பெயர் கெடுவது, அம்மாவின் கவலை என்று நாலு வந்தது. இரண்டாவது பக்கத்தில் அக்காவின் வீடு என்று ஒன்றுதான் வந்தது. அம்மா வந்து எட்டிப் பார்த்தார். "இதுக்கு எதுக்குடி லிஸ்ட்டு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

விசாரணை நாள் காலை தாலுகா ஆபீஸ் வாசலில் சர்ச் தெருக்காரர்கள் எட்டு பேர் நின்றிருந்தார்கள். மூன்று பேருக்கு ஷிப்டில் லீவு கிடைக்கவில்லை. அக்கா பிறந்த வீட்டு முகவரி போட்ட ஆதார், பெண்களின் பள்ளிச் சான்றிதழ், ஞானஸ்நானச் சீட்டு, மாமனார் பேரில் உள்ள கேஸ் சிலிண்டர் புத்தகம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அவருடைய கொழுந்தனும் வந்திருந்தார். யாரும் கூப்பிடாமலே சாட்சி சொல்ல வந்திருந்தார்.

எட்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது; நிழலில் இருந்த பெஞ்சில் எனக்கு மட்டும் தாராளமாக இடம் இருந்தது.

எதிர்க்கட்சியின் ஆள் ஒருவர் கைபேசியோடு என்னிடம் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், ரெண்டு நிமிஷம் பேசுனீங்கன்னா போதும். 'என்னை மிரட்டிக் கையெழுத்து வாங்கினாங்க'ன்னு."

"யாரும் மிரட்டல சார். நானாதான் போட்டேன். படிக்காம போட்டேன்."

"அது எடுபடாது மேடம்."

"அதான் நடந்தது."

"நடந்தது இருக்கட்டும். கொஞ்சம் அழுதா மாதிரி..."

நான் அவரிடம் ஒன்று கேட்டேன். "மூணு பேரு லீவு கெடைக்காம வர முடியல. எங்க கம்பெனி யூனியன்ல உங்க ஆளுங்கதான் இருக்காங்க. ஒரு போன் பண்ணி அரை நாள் லீவு வாங்கித் தர முடியுமா? இன்னும் நேரம் இருக்குது."

"அது யூனியன் விஷயம் மேடம்" என்றார். கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பூத்து ஆட்களைத் தேடிப் போனார். அவருக்கு அந்த எட்டு பேரின் பெயர் தெரியுமா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம்தான். அக்கா அவர் கட்சிக்குப் பத்து வருடமாக ஓட்டுப் போடுகிறவர்.

உள்ளே அதிகாரி களைத்துப்போயிருந்தார். மேசை முழுக்க இதே மாதிரித் தாள்கள், இரண்டு கட்சியிலிருந்தும். நான் நீட்டிய வாபஸ் கடிதத்தை இரண்டு முறை படித்தார். வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டேன், பூர்த்தி செய்தது நான் இல்லை, அதில் இருக்கும் தகவல் உண்மை இல்லை, பதினோரு பேரும் அங்கேயே வசிக்கிறார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தேன்.

"நீங்களே ஆட்சேபம், நீங்களே வாபஸா? படிச்ச பொண்ணுதானே நீங்க?"

"ஆமா சார்."

"இத நான் வாங்கிக்கிட்டா மேல விளக்கம் கேப்பாங்க. தெரியுதா?"

"தெரியுது சார்."

கொழுந்தன் இடையில் வந்து, "அவங்க முதல்ல எழுதுனதுதான் சார் கரெக்டு. இவங்க இங்க இல்ல" என்றார். அதிகாரி அக்காவைப் பார்த்தார். அக்கா கவரைப் பிரிக்கத் தொடங்கினார். ஞானஸ்நானச் சீட்டு கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

"சார், தினம் காலையில ஆறே முக்காலுக்கு இவங்களும் நானும் ஒரே ஸ்டாப்புல ஏறுறோம். நாலு வருஷமா ஒரே சீட்டு. இவங்க இந்த ஊர்ல இல்லன்னா நானும் இல்ல" என்றேன். அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். "இத மொதல்லயே எழுதியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு, கோப்பில் ஏதோ எழுதி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பதினொன்றில் பத்து பெயர் நின்றது. அக்காவுடையதும் நின்றது. நான் வாபஸ் வாங்கியதோடு பதினோரு ஆட்சேபமும் விழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். விசாரணை தொடங்கிவிட்டது, ஆள் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். வராத மூவரில் இரண்டு பேருக்கு டீச்சரே நேரில் போய்ப் பார்த்து எழுதிக் கொடுத்தார். மூன்றாவது, பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண். டீச்சர் போனபோதும் வீடு பூட்டியிருந்தது. ஷிப்ட். முதல் ஓட்டுப் போட வேண்டியவள் அவள். புதிதாக விண்ணப்பம் எழுத அவள் வீட்டுக்கு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். "விடுங்கக்கா, ஓட்டுப் போட்டு இன்னா ஆவப் போவுது" என்றாள். கடமை, ஒழுங்கு என்று அவளிடம் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. அதை விட்டுவிட்டு, பிறந்த தேதியைக் கேட்டு எழுதினேன். அந்த விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. என் கடிதத்துக்கு விளக்கம் கேட்டு வந்த தாளுக்கும் பதில் எழுதி அனுப்பியிருக்கிறேன். அதுவும் நிலுவையில்.

கட்சியின் வாட்ஸப் குழுவில் என்னைத் துரோகி என்று எழுதினார்கள். நான் படித்துவிட்டேன் என்று தெரிந்த பிறகுதான் குழுவிலிருந்து நீக்கினார்கள். பொறுப்பாளர் இப்போது என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவதில்லை. அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ச் சுவரில் தலைவரோடு சேர்த்து அவர் படமும் போட்டு வாழ்த்து எழுதியிருக்கிறார்கள்.

என் ஐந்து நம்பிக்கைகளில் எதுவும் மாறவில்லை. பிரதோஷத்துக்கு விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் போகிறேன். இலவசம் இப்போதும் பிடிக்காது. அந்த அரைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிறேன்.

மேசையில் லாட் கார்டுகளுக்கு இப்போது முன்கூட்டிக் கையெழுத்துப் போடுவதில்லை. தோலை விரித்துப் பார்த்து, தரம் எழுதி, கார்டை முழுக்கப் படித்து, கடைசியில் போடுகிறேன். ஒரு லாட்டுக்கு ஒரு நிமிடம் கூடுதல். வெட்டும் பிரிவு காத்திருக்கிறது. அதற்குப் பின்னால் தையல் பிரிவு காத்திருக்கிறது. போன வாரம் பஸ்ஸில் ஏறியபோது அக்கா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விசாரணைக்குப் பிறகு அதுதான் முதல் முறை. உட்கார்ந்தேன்.

"உன்னால தெனம் எங்க லைன் அரை மணி லேட்டு" என்றார். "சூப்பர்வைசர் எங்களத் திட்றான்."

"படிச்சுட்டுதான் போடறேங்க்கா."

"போடு, போடு" என்றார். அவ்வளவுதான்.

மாதனூர் தாண்டியதும் எங்கள் கட்சியின் பிரசார வண்டி ஒன்று பஸ்ஸை ஒட்டி வந்தது. ஒலிபெருக்கியில் தலைவர் குரல், அதே கத்தல். முன்பு என்றால் அக்கா என் விலாவில் ஒரு இடி இடித்து, தொண்டையைப் பற்றி ஏதாவது கேட்டிருப்பார். முன்சீட்டுக்காரிகள்கூட எதிர்பார்த்துத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் காத்திருந்தேன். பதில்கூட யோசித்து வைத்திருந்தேன்.

அக்கா எழுந்து ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினார். பிறகு உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார்.